முர்ஷித்தின் பெயரில் ஒரு கை

முர்ஷித்துக்குக் கை முறிந்ததே கிடையாது. நாற்பத்தொரு வயதுக்குள் டெங்கு வந்திருக்கிறது, மஞ்சள் காமாலை வந்திருக்கிறது, கடைவாய்ப் பல் இரண்டு போயிருக்கிறது. எலும்பில் மட்டும் அல்லாஹ் ஒரு கீறல் போடவில்லை. அப்படியிருந்தும் வெள்ளவத்தையில் ஒரு வீட்டு அலுமாரியில், சேலைகளுக்கு நடுவே, அவன் பெயர் போட்ட எக்ஸ்ரே படம் ஒன்று பதினெட்டு வருஷமாகக் கிடந்தது. வலது முன்னங்கை. எலும்பின் மேல் ஒரு தகடு, தகட்டில் ஆறு ஆணி. மூலையில் ஆங்கில எழுத்தில் அவன் பெயர், வயது இருபத்துமூன்று.

இதைவிட ஒரு கூத்து இருக்கிறது. முறியாத அந்தக் கை மழைக்கு வலிக்கும். சும்மா வலி இல்லை, உள்ளே இரும்பு குளிர்ந்த மாதிரி ஒரு வலி. மணிக்கட்டிலிருந்து நாலு விரற்கடை மேலே தொடங்கி முழங்கைக்குக் கிட்ட வந்து நிற்கும். இரண்டு டொக்டர்கள் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, நரம்பு என்று குளிசை எழுதிக் கொடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போமா என்று ஒருவர் கேட்டபோது முர்ஷித் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி வந்துவிட்டான்.

அவன் மனைவி அர்பா எண்ணெய் காய்ச்சித் தடவிக்கொண்டே சொல்லுவாள்: "ஒங்கட கையில ஜின் ஒண்டு ஏறி ஈக்கி. வாடகையும் தராம இருந்துக்கிட்டு ஈக்கி." அவளுக்கு எல்லாம் பகிடி. முர்ஷித் சிரிக்கமாட்டான். அவனுக்கு அந்தக் கையில் இருப்பது ஆர் என்று தெரியும்.

அவன் தொழில் துறைமுகச் சுங்கத்தில் சாமான் விடுவிப்பது. கொட்டாஞ்சேனையில் மாடியில் ஒரு சின்னக் கந்தோர், கீழே துறைமுகம். வந்து இறங்கும் கொள்கலன்களில் சந்தேகப்பட்டதை லொறியோடு எக்ஸ்ரே வாசலுக்குள்ளால் விடுவார்கள். இரும்புப் பெட்டி திறக்காமலே உள்ளே இருப்பது திரையில் தெரியும். பேப்பரில் மாபிள் கல் என்று இருக்கும், மாபிளுக்கு நடுவே சிகரெட் இருக்கும். எத்தனை பேருடைய முழி பிதுங்கியதை அவன் அந்தத் திரைக்கு முன்னால் பார்த்திருக்கிறான்! வெளியே ஒட்டின பெயர் ஒன்று, உள்ளே கிடப்பது இன்னொன்று என்பது அவனுக்குப் பழகின விஷயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கந்தோருக்கு ஒரு பெண் ஏறி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நெஞ்சோடு ஒரு பெரிய மண்ணிற உறையைப் பிடித்திருந்தாள்.

"முர்ஷித் அண்ணா, என்னைத் தெரியுதோ? சுபோதினி. பிரியந்தன்ர தங்கச்சி."

தெரியாமல் என்ன? மூக்கும் முழியும் அப்படியே அவன்தான். முர்ஷித் உறையைப் பார்த்தான். கேட்கத் தேவையில்லாமலே அதற்குள் என்ன என்று விளங்கிவிட்டது. வெளியே நல்ல வெயில். ஆனாலும் கை வலிக்கத் தொடங்கியது.

"அம்மாவுக்குத் தெரியாது. அலுமாரிக்க இருந்து களவா எடுத்துக்கொண்டு வந்தனான்," என்றாள் சுபோதினி. "போன மாசம் ஒரு தென்னங்காணியில கிணறு வெட்டேக்க எலும்புகள் வந்ததெல்லோ, பேப்பரில பாத்திருப்பியள். காணாமல் போனாக்களின்ர சொந்தக்காரரை வந்து பாக்கச் சொன்னவை. நான் தனியப் போனனான். ஒரு கை எலும்பில தகடு இருக்கு அண்ணா. ஆறு ஆணி. மேலயிருந்து மூண்டாவது சரிஞ்சு கிடக்கு."

அவள் படத்தை உருவி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேலிருந்து மூன்றாவது ஆணி சரிந்துதான் கிடந்தது. படத்தின் கறுப்புக்குள்ளால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரிந்தன.

"இன்னாலில்லாஹி," என்று முர்ஷித்தின் வாய் தானாகச் சொல்லியது. மரணச் செய்திக்குச் சொல்லும் வார்த்தை அது. பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அங்க எலும்பைப் பாக்கிற டொக்டர் நல்ல மனுசன். எலும்பையும் அதே மாதிரிப் படமெடுத்து ரெண்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சா ஆள் ஆரெண்டு சொல்லலாம் எண்டார். பிறகு மூலையைப் பாத்தார். இது உங்கட அண்ணாவின்ர பேர் இல்லையே, இந்த முர்ஷித் ஆர் எண்டார். நான் என்ன சொல்ல?"

"ரத்தத்த வச்சிப் பாக்க ஏலாதா?"

"அது வர ஒரு வருஷமோ ரெண்டோ ஆகுமாம். அதுக்கு அம்மா ரத்தம் குடுக்கவேணும். அந்தக் கதை எடுத்தாலே அறைக் கதவைச் சாத்திப்போடுவா." அவள் படத்தை உறைக்குள் திரும்பச் செருகினாள். "நீங்கள் ஒரு எக்ஸ்ரே எடுத்துத் தரவேணும் அண்ணா. உங்கட கை முறியேல்லை எண்டு காட்டவேணும். அதோட ஒரு சத்தியக் கடதாசி. பிறகு அம்மா கையெழுத்து வைக்கவேணும், தாய் இருக்கேக்க நான் கேக்கேலாதாம். அவன் ஒரு பெட்டிக்குள்ள இலக்கத்தோட கிடக்கிறான். எனக்கு நித்திரை இல்லை."

இந்த இடத்தில் பழைய கதையைச் சொல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது.

இரண்டாயிரத்து ஏழு. சண்டை உச்சத்தில் நின்ற காலம். பிரியந்தனும் முர்ஷித்தும் வெள்ளவத்தையில் ஒரு கணக்கியல் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஒருநாள் கிருலப்பனையில் மழைத் தண்ணீரில் மோட்டார் சைக்கிள் வழுக்கிப் பிரியந்தனின் வலக்கை முறிந்தது. முறிந்த கையோடு அவன் நேரே வீட்டுக்கு வந்தான், ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அந்த நாளில், அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று உள்ள ஒரு பெடியன் காயத்தோடு போனால் காயத்தைவிடக் கேள்விதான் முதலில் வரும். எங்கே விழுந்தாய், எதில் அடிபட்டாய், ஆர் சாட்சி. அந்தக் கிழமைதான் நகரத்தில் எங்கோ குண்டும் வெடித்திருந்தது.

பிரியந்தனின் தாய் கௌரி அழுது புலம்புகிற ஆள் இல்லை. மகனின் கையைச் சேலைத் துண்டால் கட்டிக்கொண்டே முர்ஷித்தைக் கூப்பிட்டாள். "தம்பி, உம்மட ஐசியைத் தாரும்." அந்த அடையாள அட்டையில் இருந்தது பதினாறு வயதில் எடுத்த படம். அதில் முர்ஷித்தை முர்ஷித் என்று பெற்ற தாயே சொல்லமாட்டாள். பிறகு பெடியன்கள் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துப் பாடமாக்க வைத்தாள். பெயர் முர்ஷித். வாப்பா பெயர் ஹுசைன். வீடு கொம்பனித்தெரு. மோட்டார் சைக்கிளில் விழுந்தது. நான் பக்கத்து வீட்டு அன்ரி. "இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

சின்ன ஒரு தனியார் நேர்சிங் ஹோம். இப்போது அந்த இடத்தில் தொடர்மாடி நிற்கிறது. தாதி "முர்ஷித்!" என்று கூப்பிட்டதும் உண்மையான முர்ஷித் மடையன் மாதிரி எழும்பி நின்றுவிட்டான். கௌரி அவன் தொடையில் போட்ட கிள்ளு இரண்டு நாள் கன்றிக் கிடந்தது. எக்ஸ்ரே அறைக்குள் "ஹெலவென்ட எபா, மல்லி," அசையாதே தம்பி, என்று சிங்களத்தில் சொன்னார்கள். பிரியந்தன் அசையவில்லை. தகடு வைத்தார்கள், படம் எடுத்தார்கள், ஈய எழுத்தில் மூலையில் பெயரைப் பதித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள் கௌரி. மறைத்தபடியால் பிள்ளை வீடு வந்து சேர்ந்தான்.

அட்டை பிரியந்தனிடமே நின்றது. டொக்டரிடம் கையைக் காட்டப் போக வேண்டும், வழியில் சோதனைச் சாவடி இருக்கிறது, இருக்கட்டும் என்றான் முர்ஷித். நாலு மாதம் போனது. பிறகு முர்ஷித்துக்குத் துறைமுகத்தில் வேலை சரி வந்தது. உள்ளே போகப் பாஸ் எடுக்க வேண்டும், பாஸுக்கு அட்டை வேண்டும். வாப்பாவும் அட்டை எங்கே என்று துருவத் தொடங்கினார். முர்ஷித் போன் எடுத்தான்.

"மச்சான், எனக்கு ஐசி வேணும்டா."

"ரெண்டு கிழமை பொறுக்கேலாதோ?" என்றான் பிரியந்தன்.

"ஏலாது மச்சான். வேலை போயிரும்."

அடுத்த நாளே கொண்டுவந்து தந்துவிட்டுப் போனான். ஒன்பதாம் நாள் பாண் வாங்கக் கடைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. இலக்கத் தகடு இல்லாத வானில் ஏற்றியதைக் கண்டதாகக் கடைக்காரன் ஒருவன் சொன்னான். அடுத்த நாள் அவனே, தான் ஒன்றையும் காணவில்லை என்று மாற்றிச் சொல்லிவிட்டான்.

அந்த வேலையில்தான் முர்ஷித் இன்றுவரை சோறு தின்கிறான். பெயரைக் கொடுத்தவனும் அவன், பறித்தவனும் அவன். முதல் இரண்டு வருஷம் கௌரியைப் போய்ப் பார்த்தான். பிறகு அந்த மனுசியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் நின்றுவிட்டான். கை வலிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அன்றைக்கே சுபோதினியோடு வெள்ளவத்தைக்குப் போனான். காலி வீதியில் இருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு பரிசோதனை நிலையம். அங்கே படமெடுக்கிற பிள்ளையின் பெயர் மயூரி என்று சட்டையில் குத்தியிருந்தது.

"எந்தக் கை? எப்ப விழுந்தனீங்கள்?"

"விழயில்ல."

"வீக்கம், நோவு ஏதும்?"

"ஒண்டும் இல்ல. சும்மா எடுக்கோணும்."

"சும்மா எக்ஸ்ரே எடுக்கேலாது," என்று மயூரி கண்டிப்பாகச் சொன்னாள். "கதிர் எல்லோ, விளையாட்டே?" சுபோதினி டொக்டரின் கடிதத்தை நீட்டினாள். மயூரி அதை வாசித்தாள். பிறகு கேள்வி கேட்கவில்லை. மோதிரத்தையும் மணிக்கூட்டையும் கழற்ற வைத்து, ஈய அங்கி ஒன்றை அவன் மடியில் போட்டாள். பாரமான அங்கி. கையை மேசையில் மலர்த்தி வைத்து விரல்களை விரித்துவிட்டாள்.

"அசையாதேங்கோ," என்று கண்ணாடிக்குப் பின்னால் போனாள்.

அறை குளிர்ந்து கிடந்தது. முர்ஷித்தின் கை விண்விண்ணென்று வலித்தது. கை சாதாரணக் கைதான். மயிர், மச்சம், பேனை பிடித்த காய்ப்பு. ஆனால் உள்ளே? பதினெட்டு வருஷமாக உள்ளே இருப்பதை ஒருத்தருக்கும் காட்டாமல் வைத்திருந்த கை இது. திரையில் தகடு தெரிந்தால்? ஆறு ஆணியும், மூன்றாவது சரிந்தபடி தெரிந்தால்? படித்த மனுசன், பிள்ளை குட்டிக்காரன், இப்படி யோசிக்கலாமா என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டான். காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை மனதுக்குள் ஓதினான். பாதியில், தகடு தெரியட்டும் என்று மனம் கெஞ்சத் தொடங்கிவிட்டது. யா அல்லாஹ், தகடு என்ட கையிலேயே இருக்கட்டும். தன்னுடைய கையில் இருந்தால் அந்தத் தென்னங்காணிக்குள் கிடந்தது பிரியந்தனாக இருக்காது.

இயந்திரம் ஒருதரம் முனகிவிட்டு நின்றது.

மயூரி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள். இரண்டு மூலையிலும் ஒரே பெயர். பழையதில் தகடு இருந்தது. புதியதில் இரண்டு எலும்பும் முழுசாக, ஒரு மறுவும் இல்லாமல் கிடந்தன.

"தகட்டைப் பிறகு கழட்டியிருந்தாலும் முறிஞ்ச இடம் எப்படியும் தெரியும்," என்றாள் அவள். "இதில ஒண்டுமே இல்லை. ரெண்டும் ஒரு ஆளின்ர கையில்லை. நான் எழுதித் தாறன்."

முர்ஷித்தின் கை வலி நின்றிருந்தது. வலி இல்லாத அந்தக் கையைப் பார்க்க அவனுக்கு அழுகை வந்தது. வாங்கில் உட்கார்ந்து சத்தமாகவே அழுதான். சுபோதினி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினாள். அவளும் அழுதுகொண்டுதான் நின்றாள்.

கௌரியின் வீடு நாலாம் மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்தவள் எழுபது வயதிலும் நிமிர்ந்துதான் நின்றாள். முர்ஷித்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாரும் தம்பி, வாரும்! எத்தினை வருஷம்! வயிறு வச்சிட்டீர்." பிறகு அவன் கையில் இருந்த மண்ணிற உறையைக் கண்டாள். முகம் இறுகிப்போயிற்று. மகளைப் பார்த்தாள். "என்ர அலுமாரிக்க கை வச்சிட்டாய் என்ன?"

அவள் உறையை வாங்கி, பழைய படத்தை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யன்னலடிக்குப் போனாள். அந்த யன்னல் கண்ணாடியில் படத்தின் அளவுக்கு ஒரு சதுரம் மட்டும் பளிச்சென்று துடைத்திருந்தது. சுற்றிவர உப்புக்காற்று மங்கல். தினமும் அங்கே படத்தைப் பிடித்துத்தான் அவள் பார்த்திருக்கிறாள் என்று முர்ஷித்துக்கு விளங்கியது.

"அம்மா," என்று சுபோதினி தொடங்கினாள். தென்னங்காணி, எலும்பு, தகடு, ஆணி, டொக்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "நீங்கள் ஒரு கையெழுத்து வச்சாக் காணும். அண்ணாவை வீட்ட கொண்டு வரலாம்."

கௌரி திரும்பவில்லை. "இந்த மூலையில என்ன எழுதிக் கிடக்கு? வாசி."

"முர்ஷித் எண்டு. ஆனா அம்மா..."

"பிறகென்ன?" அவள் குரல் தளம்பவேயில்லை. "பேர் முர்ஷித். வாப்பா பேர் ஹுசைன். வீடு கொம்பனித்தெரு. மோட்டார் சைக்கிளில விழுந்தது. நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். தகடு வச்சவை, ஆறு ஆணி. தம்பி நல்ல சுகமா முன்னால நிக்கிறார். இதை வச்சு என்ர பிள்ளையைச் செத்துப்போனான் எண்டு சொல்ல வாறியே? சொல்லும் தம்பி, இது ஆற்ற கை?"

அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது. முர்ஷித்துக்குச் சொல்ல எவ்வளவு லேசு! "என்ட கைதான் அன்ரி," என்றால் போதும். அவள் தேத்தண்ணி போடுவாள், குடித்துவிட்டு இறங்கிப் போகலாம். பிரியந்தன் எங்கேயோ ஒரு தடுப்பு முகாமிலோ, ஞாபகம் தப்பிய இடத்திலோ, முர்ஷித்தின் பெயரில் பத்திரமாக இருப்பான். ஒரு தரம் பெயரைப் பறித்தவன் மறுபடி பறிக்க வேண்டுமா? பாம்பென்று அடிக்கவும் ஏலாமல், பழுதென்று தாண்டவும் ஏலாமல் நின்றான். ஆனால் பெட்டிக்குள் ஒரு இலக்கத்தோடு கிடப்பவனுக்கு ஆர் இருக்கிறார்கள்? அவன் பெயரைச் சொல்ல உலகத்தில் இந்த மூன்று பேர்தான்.

"பேர் என்ட, அன்ரி," என்றான். "கை அவன்ட."

கௌரி கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒங்களுக்கு ஒரு விஷயம் தெரியா. நான் அந்த ஐசிய திருப்பிக் கேட்டு எடுத்தேன். ரெண்டு கிழம பொறுக்கேலாதா எண்டு கேட்டான். ஏலாது எண்டு சொன்னது நான். ஒம்பது நாள்தான் அன்ரி. அவன் போகக்குள்ள அவன்ட பேரிலதான் போனான். என்ட பேர் அவனிட்ட இருக்க இல்ல. என்ன மன்னிச்சிக்கோங்க எண்டு கேக்கவும் எனக்கு வாயில்ல."

கௌரி கதிரையைப் பிடித்து மெல்ல இருந்தாள். கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி ஒன்று போய் முடிந்தது.

"நீர் கேட்டனீர்தான்," என்றாள். "அவன் தர நினைக்கேல்லைத் தம்பி. லாச்சிக்க வச்சுப் பூட்டிப்போட்டு, நாளைக்கு இன்னொருக்கா அவனிட்டக் கேப்பம் அம்மா, அவன் ஓமெண்டுவான் எண்டு சொன்னவன். நான்தான் பேசினனான். ஆற்றயோ வீட்டுப் பிள்ளையின்ர ஐசி, இதால அந்தப் பெடியனுக்கு ஒண்டு நடந்தால் பெத்த தாய்க்கு நான் என்ன பதில் சொல்லுறது எண்டு. சாப்பிட்டுக்கொண்டு இருந்தவனை எழுப்பி, நான்தான் உம்மட்ட அனுப்பினனான்."

சுபோதினி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் இது புதுச் செய்தி.

"நீங்கள் வந்து கையெழுத்து வை எண்டுறியள்," கௌரி முர்ஷித்தை நிமிர்ந்து பார்த்தாள். "வச்சால் அவன் செத்தவன். அவன் செத்தவன் எண்டால், சாகக் குடுத்தது ஆர்? சொல்லும் பாப்பம். நானெல்லோ?"

"இல்ல அன்ரி. இல்ல." முர்ஷித் அவள் காலடியில் நிலத்தில் இருந்தான். சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி, முழங்கைக்கு மேலே சுருட்டி, வலக்கையை அவள் மடியில் வைத்தான்.

கௌரி அதைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மட்டும் மணிக்கட்டில் இருந்து மேலே தடவிக்கொண்டு போனாள். தையல் போட்ட தழும்பு தொடங்க வேண்டிய இடம் அவள் விரலுக்குத் தெரியும், நாலு மாதம் அவள்தான் மருந்து கட்டியவள். அந்த இடத்தில் விரல் நின்றது. அழுத்திப் பார்த்தது. மெல்ல மேலே போய், முழங்கைக்குக் கிட்ட மறுபடி நின்றது. திரும்பக் கீழே வந்தது. மூன்று தரம் தடவினாள்.

பிறகு சுருட்டிய சட்டைக் கையை அவளே இறக்கிவிட்டாள். பொத்தானையும் பூட்டினாள்.

"சுபோ," என்றாள். "அவனை எப்ப தருவினமாம்?"